பார்த்துப் போடும் மார்க்: வார்டில் மருத்துவ மாணவர்களை மதிப்பிடுவது பற்றி

லாங் கேஸ் என்ற செய்முறைத் தேர்வில் மாணவர் ஒரு நோயாளியோடு முக்கால் மணி நேரம் இருப்பார். எப்படிப் பேசினார், கையைக் கழுவினாரா, வயிற்றைத் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னாரா, மூச்சை உண்மையிலேயே எண்ணினாரா என்பதெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம்தான் எக்ஸாமினர் வந்து உட்காருவார். மாணவர் எழுதி வைத்ததைச் சொல்வார், நாலு கேள்வி, நாலு பதில், மார்க் விழுந்துவிடும். வைவாவில் நன்றாகப் பேசுகிறவர் படுக்கை அருகிலும் நன்றாகத்தான் செய்திருப்பார் என்ற அனுமானத்தின் மேல் அந்த மார்க் நிற்கிறது.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. நம் தேர்வுகளில் பெரும்பாலும் இரண்டாம் படியைச் சோதித்துவிட்டு நான்காம் படிக்குச் சான்றிதழ் தருகிறோம். இந்திய எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019-ல் சேர்ந்த பேட்ச் முதல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. செய்த வேலைகளுக்கு ஆசிரியர் கையெழுத்திடும் லாக்புக் வந்தது, மனப்பாங்கு, நெறி, பேச்சுத்தொடர்பு மூன்றையும் சேர்த்த ஏட்காம் வகுப்புகள் வந்தன. காகிதம் நிச்சயமாகக் கூடியிருக்கிறது. லாக்புக்கில் ஒரே பேனாவில், ஒரே நாளில், வரிசையாகப் பதினைந்து கையெழுத்து இருந்தால் அதைப் போட்டவர் எதைப் பார்த்தார் என்று கேட்க வேண்டியதில்லை.

கண்ணால் பார்த்ததற்கு மட்டும் மார்க் என்று ஒரு யூனிட் முடிவெடுத்தால் வேலை எப்படி மாறும், எங்கே சிக்கும் என்பதே இந்தக் குறிப்பு.

முதலில் ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் வெளியிட்ட முறை. மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்வார்கள், எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம். யோசனை எளிது, கணக்குதான் பலரைக் கவிழ்க்கிறது. 15 ஸ்டேஷன், 2 ஓய்வு இடம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனுக்கு 5 நிமிடம், இடம் மாற 1 நிமிடம். ஒரு சுற்று 102 நிமிடம், 17 பேர். ஒரே மாதிரி இரண்டு வரிசை போட்டால் சுற்றுக்கு 34 பேர். 100 பேர் கொண்ட பேட்ச் மூன்று சுற்றில், ஏறத்தாழ 5 மணி நேரத்தில் முடியும். ஒரே வரிசையில் ஓட்டினால் ஆறு சுற்று, பத்து மணி நேரத்துக்கு மேல். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எக்ஸாமினர் போடும் மார்க்குக்கும் காலை ஒன்பது மணி மார்க்குக்கும் சம்பந்தம் இருக்காது. ஆள் பற்றாக்குறை என்றால் ஸ்டேஷனைக் குறையுங்கள், எக்ஸாமினரை நாள் முழுக்க உட்கார வைக்காதீர்கள். ஆனால் ரொம்பவும் குறைக்க முடியாது. இருதயத்தைக் கேட்பதில் கெட்டிக்காரர் நரம்புப் பரிசோதனையில் தடுமாறுவார். ஒரு கேஸில் வாங்கிய மார்க்கை வைத்து இன்னொரு கேஸில் எப்படிச் செய்வார் என்று சொல்ல முடியாது என்பதால்தான் எண்ணிக்கை தேவைப்படுகிறது.

மணி அடிக்கும் ஏற்பாடு கரன்ட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கையால் அடிக்கும் பித்தளை மணி ஒன்றும் அதற்கென்று ஒரு அட்டெண்டரும் போதும். கோடையில் ஹால் கதவைச் சாத்தி நடத்தினால் வேலூர் வெயிலுக்கு மூன்றாவது சுற்றில் நோயாளியாக நடிப்பவர் உண்மையிலேயே நோயாளி ஆகிவிடுவார். ஓய்வு இடத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

ஒரே ஒரு ஸ்டேஷனைக் கிட்டத்தில் பார்ப்போம்: ரத்த அழுத்தம் பார்ப்பது. வழக்கமான செக்லிஸ்டில் பத்து வரி இருக்கும்: வணக்கம் சொன்னார், பெயர் கேட்டார், கை கழுவினார், கஃப் (கையில் சுற்றும் காற்றுப்பட்டை) கட்டினார் என்று போகும். மாணவர்கள் இதை ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். சுவரைப் பார்த்து வணக்கம் சொல்லி, காற்றில் கை கழுவி, ஐந்து மார்க்கோடு ஆரம்பிப்பார்கள். அளவு தப்பாக வந்தாலும் பத்துக்கு எட்டு கிடைத்துவிடும். இதைத் தடுக்க இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, இரண்டு ஜோடி காதுக் குழாய் உள்ள பயிற்சி ஸ்டெதஸ்கோப் வையுங்கள். மாணவர் கேட்கும் சத்தத்தையே எக்ஸாமினரும் கேட்பார். இருவர் சொல்லும் எண்ணுக்கும் இடையில் 4 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் மட்டும் அளவுக்கான மார்க், அந்த மார்க் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு, கஃப்களில் சின்னது, நடுத்தரம், பெரிசு மூன்றையும் மேசையில் வைத்து, கை பருத்த ஒருவரை உட்கார வையுங்கள். கஃபுக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதம் இருக்க வேண்டும். சின்னக் கஃபைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். இதைத் தெரிந்தவர் கை தானாகப் பெரிய கஃபுக்குப் போகும்.

இன்னொரு சின்ன விஷயம். மானோமீட்டரில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. மாணவர் 125 என்று சொன்னால் அவர் கோட்டைப் பார்க்கவில்லை. முதலில் நாடியைத் தொட்டுப் பார்த்து, அது மறைந்த இடத்துக்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு இரண்டு மூன்று மி.மீ. வேகத்தில் இறக்குகிறவர் 126 என்பார் அல்லது 124 என்பார்.

ரத்தக்குழாயில் ஊசிக் குழாய் (கான்யூலா) போடும் ஸ்டேஷனில் வேறு சிக்கல். பயிற்சிக்கு வைத்த ரப்பர் கையில் முப்பது பேர் குத்திய பிறகு துளைகளே ரத்தக்குழாய் எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். கடைசி சுற்றுக்காரர்கள் தொட்டுத் தேட வேண்டிய அவசியமே இல்லை. சுற்றுக்கு ஒரு முறை மேல்தோலை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் மறு கையைத் திருப்பி வைக்க வேண்டும். ஊசியை உடனே கூர்முனைப் பெட்டியில் போடாமல் டிரேயில் வைத்துவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஸ்டேஷன் தோல்வி என்று முன்பே எழுதி, மாணவர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அரை மார்க் குறைத்தால் அடுத்த வருடம் அட்டெண்டர் விரலில் குத்தும்.

செக்லிஸ்ட் மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எக்ஸாமினர் கடைசியில் ஒட்டுமொத்தமாக ஒரு தரமும் போட வேண்டும்: தெளிவான தோல்வி, இரண்டும் கெட்டான், தேர்ச்சி, நன்று, மிக நன்று. மூத்த மருத்துவர்களுக்கே செக்லிஸ்ட் வைத்துப் பார்த்தால் மாணவர்களைவிடக் குறைவாக வாங்கக்கூடும். அவர்கள் தேவையில்லாத கேள்வியைக் கேட்பதில்லை, செக்லிஸ்டோ கேட்ட எண்ணிக்கைக்கு மார்க் தருகிறது. இரண்டையும் போட்டால் இன்னொரு லாபமும் உண்டு. 'இரண்டும் கெட்டான்' என்று குறிக்கப்பட்டவர்கள் செக்லிஸ்டில் வாங்கிய சராசரி எதுவோ அதையே அந்த ஸ்டேஷனின் தேர்ச்சி மார்க்காக வைக்கலாம். எளிய ஸ்டேஷனில் அது 60-க்கும் கடினமானதில் 45-க்கும் வரும். எல்லாவற்றுக்கும் 50 என்று கோடு கிழிப்பதைவிட இது நியாயம். பல்கலைக்கழகத் தேர்வில் விதி விதிதான், அங்கே கை வைக்க முடியாது. கல்லூரிக்குள் நடத்தும் இன்டர்னல் தேர்வில் செய்யலாம்.

நோயாளியாக நடிக்க ஆள் தேடுவது பலர் நினைப்பது போலக் கஷ்டமில்லை. ஓய்வுபெற்ற ஊழியர்கள், மகளிர் குழுவைச் சேர்ந்தவர்கள், கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் நன்றாகச் செய்வார்கள். சினிமா நடிப்பு வேண்டாம். இரண்டு உட்கார்வில் பயிற்சி தரலாம்: முதலில் கதை, இரண்டாவதில் 'எதைக் கேட்டால் மட்டும் எதைச் சொல்ல வேண்டும்'. பெரும்பாலான கோளாறு இந்த இரண்டாவதில்தான் வரும். இரக்கப்பட்டு, திணறும் மாணவருக்குத் தானாகவே எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். கதை வசனம் ஊர்ப் பேச்சில் இருக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ வரும் பெரியவர் 'எனக்கு மார்பு வலி, இடது கைக்குப் பரவுகிறது' என்று சொல்ல மாட்டார். 'மாரு அப்படியே கனமா கீது சார், வாய்வு போல கீது, சோடா குடிச்சேன், கேக்கல' என்பார். அந்த 'வாய்வு'க்குப் பின்னால் போகிறாரா, வாய்வு என்று எழுதி அடுத்த கேள்விக்குத் தாவுகிறாரா என்பதே பரீட்சை.

மொழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூர் வார்டுகளில் தமிழ் மட்டும் போதாது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து உருது, ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் குடும்பங்களிடமிருந்து வங்காளமும் இந்தியும். மாணவர்களிலும் வெளிமாநிலத்தவர் உண்டு. அவர்களுக்கு அறிமுகப் பயிற்சிக் காலத்தில் உள்ளூர் மொழி சொல்லித் தருகிறார்கள், அது 'எங்கே வலிக்குது' வரைக்கும் கொண்டுபோகும். ஆகவே எல்லோரையும் தமிழில் சரளமாகப் பேசச் சொல்லிச் சோதிப்பது சரியில்லை. மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டு பேசத் தெரிகிறதா என்று சோதிப்பதே இந்த ஊருக்குப் பொருந்தும். பார்க்க வேண்டியவை: மாணவர் முகம் நோயாளியைப் பார்த்து இருக்கிறதா, மொழிபெயர்ப்பவரைப் பார்த்தா? ஒரு மூச்சில் ஒரு கேள்விதானா, நாலா? அறுபது வயது அம்மாவின் மாதவிடாய், சிறுநீர் விஷயங்களை அவருடைய மகனையே மொழிபெயர்க்கச் சொல்கிறாரா, இல்லை ஒரு சிஸ்டரைத் தேடுகிறாரா? நோயாளி நீளமாகச் சொன்னதை மகன் 'ஒண்ணும் இல்லையாம்' என்று சுருக்கும்போது அதை விட்டுவிடுகிறாரா?

ஆஸ்கி எவ்வளவு நன்றாக நடந்தாலும் மூன்றாம் படிதான். மாணவருக்குத் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். நான்காம் படிக்கு வார்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஜான் நார்சினியும் உடன் பணியாற்றியவர்களும் 1995-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த மினி செக்ஸ் (Mini-CEX, அதாவது சுருக்கமான நோயாளிப் பரிசோதனை மதிப்பீடு) முறை இதற்குத் தோதானது. உண்மையான நோயாளி, உண்மையான வேலை, பதினைந்து இருபது நிமிடம் பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பார்ப்பது, பிறகு சில நிமிடம் பேசுவது. வாய் திறக்காமல் என்பதுதான் ஆசிரியர்களுக்குக் கடினம். இரண்டாவது நிமிடத்தில் குறுக்கே புகுந்து கல்லீரலைத் தாமே தொட்டுக் காட்டிவிடுவார்கள்.

உதாரணமாக, மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் நம் பக்கத்து வார்டுகளில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் நிறைய இருக்கும். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுப்பான பொருக்கு (எஸ்கார்) இருந்தால் நோய் பாதி உறுதியானது போலத்தான். அந்தப் பொருக்கு வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. 'உடம்புல எங்கயாவது புண்ணு இருக்கா' என்று கேட்டு 'இல்லை' என்ற பதிலை எழுதிக்கொள்பவர் தவறவிடுவார். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடம், முழங்கால் மடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து, வெளிறிய சின்னப் புண்ணாக மட்டும் இருக்கலாம். இப்போது ஒரு மாணவரையும் காய்ச்சலோடு வந்த நாற்பது வயதுப் பெண்மணியையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு, கையையும் காலையும் மட்டும் பார்த்துவிட்டு 'எஸ்கார் இல்லை' என்று எழுதுகிறவர் ஒரு வகை. சொல்லாமல் கொள்ளாமல் போர்வையை விலக்குகிறவர் இன்னொரு வகை. ஏன் பார்க்க வேண்டும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி, திரையை இழுத்து, சிஸ்டரைக் கூப்பிட்டு, வெளிச்சத்தை அருகில் கொண்டுவந்து, ஒரு பக்கம் மூடிவிட்டு மறு பக்கம் பார்ப்பவர் மூன்றாவது வகை. திறமை வேறு, நெறி வேறு என்று தனித்தனிக் கட்டம் போட்டு மார்க் தருகிறோமே, இந்தப் படுக்கையில் அந்தக் கட்டம் எங்கே விழும்? திரையை இழுக்காதவருக்கு நோயும் பிடிபடாது.

மினி செக்ஸ் தாளில் 1 முதல் 9 வரை அளவுகோல் உண்டு. எல்லோருக்கும் 7 விழும், அதுதான் அந்தத் தாளின் வியாதி. நாங்கள் கண்ட மருந்து, வரிசையை மாற்றுவது. முதலில் 'நான் பார்த்தது' என்று இரண்டு வாக்கியம், அடுத்து 'அடுத்த முறை மாற்ற வேண்டியது' என்று ஒரு வாக்கியம், கடைசியில் எண். 'மூச்சை முழு நிமிடம் எண்ணாமல் 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினார்' என்று எழுதியவருக்கு 8 போடக் கை வராது. ஒரே ஆசிரியர் பத்து தாள் நிரப்புவதைவிட எட்டுப் பேர் ஆளுக்கு ஒன்று நிரப்புவது மேல். தாராளக்காரரும் கறார்க்காரரும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மூச்சு எண்ணிக்கை என்றதும் ஒன்று. எந்த கேஸ் ஷீட்டையும் எடுத்துப் பாருங்கள்: நாடி 72, மூச்சு 16, ரத்த அழுத்தம் 120/80. இவ்வளவு ஒழுங்கான உடம்புகள் வார்டில் எதற்குப் படுத்திருக்கின்றன? நேர்மையைச் சோதிக்கத் தனி வகுப்பு வேண்டாம். மாணவர் போவதற்கு முன் ஒரு ஆசிரியர் முழு நிமிடம் மூச்சை எண்ணிக் குறித்து வைக்கட்டும். அடுத்த சில நிமிடங்களில் மாணவர் எழுதியது 16, ஆசிரியர் எழுதியது 28 என்றால் பேச விஷயம் இருக்கிறது. இதே போல, இருதயம் கேட்கும் ஸ்டேஷன்களில் ஒன்றில் இருதயம் முழுக்க நன்றாக இருக்கும் ஒருவரைப் படுக்க வையுங்கள். தேர்வு என்றாலே முணுமுணுப்பு (மர்மர் எனும் கூடுதல் இருதய ஒலி) இருக்கும் என்று நம்பி, இல்லாத முணுமுணுப்பை அழகாக வர்ணிப்பவர்கள் வெளியே வருவார்கள். 'எனக்கு எதுவும் வித்தியாசமாகக் கேட்கவில்லை' என்பவருக்கு முழு மார்க் தர எக்ஸாமினருக்கும் தைரியம் வேண்டும்.

நெறி என்றவுடன் பல துறைகள் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வரும். வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதையே மறுபடி நெறி மார்க்காக மாற்றுவது, எண்ணச் சுலபமானதை எண்ணிவிட்டு முக்கியமானதை எண்ணிவிட்டதாக நினைத்துக்கொள்வது. வார்டில் பார்க்கக்கூடியவை வேறே இருக்கின்றன. லுங்கி கட்டி வந்தவரை ஒருமையிலும் பேன்ட் போட்டு வந்தவரை 'சார்' என்றும் கூப்பிடுகிறாரா? நோயாளியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவருடைய புற்றுநோயை ஆங்கிலத்தில் அலசுகிறாரா? பூச்சிமருந்து குடித்து வந்தவரிடம் அவர் மாமியார் எதிரிலேயே 'ஏன் குடிச்சே' என்று கேட்கிறாரா? எக்ஸ்ரேயைப் பெயர் தெரியப் படம் பிடித்துக் குழுவில் போடுகிறாரா? ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து கேஸ் பேசுகிறாரா?

இவற்றை ஏன் இவ்வளவு சிரத்தையாகக் குறிக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம்: 2005-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பிற்காலத்தில் மருத்துவக் கவுன்சில்களால் தண்டிக்கப்பட்ட மருத்துவர்களின் பழைய கல்லூரிக் கோப்புகளைப் புரட்டியபோது, மாணவப் பருவத்திலேயே நெறி தவறியதாகக் குறிப்பு இருந்தவர்களுக்குத் தண்டனை வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கடுமையான பொறுப்பின்மையும், சொன்னால் திருந்தாத தன்மையும்தான் அவற்றில் முன்னால் நின்றன. அந்தக் கல்லூரிகளில் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததால்தான் பின்னால் ஒருவரால் புரட்டிப் பார்க்க முடிந்தது.

எழுதுவதிலும் முறை உண்டு. 'நடத்தை திருப்தி இல்லை' என்பது எதற்கும் உதவாது, மாணவர் மறுத்தால் நிற்காது. எழுத வேண்டியது இப்படி: செவ்வாய் காலை ரவுண்ட்ஸ், 14-ம் படுக்கை, புண் கட்டு மாற்றும்போது திரை போடவில்லை, சிஸ்டர் சொன்னார், 'டைம் இல்லை' என்றார். தேதி, இடம், செய்தது, சொன்னது. குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. ஒரு வாரத்துக்குள் அதே ஆசிரியர் தனி அறையில் மாணவரிடம் பேச வேண்டும், அவர் தரப்பையும் அதே தாளில் எழுதி அவரிடம் ஒரு பிரதி தர வேண்டும். தாயார் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருக்கிறார் என்று அந்தப் பேச்சில்தான் தெரியவரும். ஒரு தாளை வைத்து மார்க்கில் கை வைக்க வேண்டாம். மூன்று தாள், மூன்று வேறு ஆட்கள் எழுதியவை, ஒரே மாதிரி விஷயம் என்றால் அது பழக்கம். நோயாளியை அடிப்பது, பொய்க் கையெழுத்து, போதையில் வார்டுக்கு வருவது ஆகியவற்றுக்கு இந்தப் பொறுமை கிடையாது. அவை அன்றைக்கே துறைத் தலைவரிடம் போக வேண்டும்.

சிஸ்டர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் தெரிந்தது பேராசிரியர்களுக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹவுஸ் சர்ஜனைக் கூப்பிட்டால் வருகிறாரா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இருபது கேள்வி அடங்கிய ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று டிக் போட்டுத் தந்துவிடுவார்கள். தமிழில் நாலு கேள்வி போதும்: கூப்பிட்டால் வருகிறாரா, நோயாளியிடம் மரியாதையாகப் பேசுகிறாரா, உங்களிடம்? செய்யாததைச் செய்ததாக எழுதுகிறாரா? எட்டுப் பத்துப் பேரிடம் வாங்கி, பெயர் தெரியாமல் தொகுத்துத் தாருங்கள். இரண்டே பேர் பதில் தந்திருந்தால் தொகுப்பையே தராதீர்கள், யார் சொன்னது என்று மறுநாளே தெரிந்துவிடும். ஒருமுறை அது தெரிந்துவிட்டால் அந்த வார்டில் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தேர்வுக்கு வரவழைக்கும் நோயாளிகளை நடத்தும் விதமும் இதில் சேர்த்திதான். பெரிய மண்ணீரல் இருக்கிறது என்று ஒருவரை உட்கார வைத்துப் பன்னிரண்டு பேர் அமுக்கினால் வலிக்கும், வயிறு இறுகும், கடைசி நாலு மாணவருக்கு மண்ணீரல் கிடைக்காது. நாலு ஐந்து பேருக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். சர்க்கரை நோயாளி காலை இன்சுலின் போட்டுக்கொண்டு வந்திருப்பார், டிபன் கேன்டீனில் இருக்கும், சுற்று நீண்டுகொண்டே போகும். பத்தரை மணிக்கு வியர்த்துக் கொட்டினால் அது ஸ்டேஷன் அல்ல. யார் எப்போது சாப்பிட்டார் என்று எழுதிய அட்டை படுக்கையில் தொங்கட்டும். பஸ் காசும் சாப்பாடும் அன்றைக்கே கையில் தர வேண்டும், பில் போட்டு அடுத்த மாதம் என்று சொல்லக் கூடாது. வர மறுத்தால் சிகிச்சையில் ஒன்றும் குறையாது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும், அதுவும் மாணவர் முன்னிலையில்.

தோல்வி போடுவதில் கை நடுங்குவது எல்லாத் துறையிலும் இருக்கிறது. 'பையன் நல்லவன்', 'அப்பா கூலி வேலை', 'அடுத்த போஸ்டிங்கில் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்வார்கள். அடுத்த போஸ்டிங்கிலும் இதையேதான் சொல்வார்கள். இரக்கம் பெரும்பாலும் சாக்குதான், உள்ளே இருக்கும் பயம் கையில் தாள் இல்லை என்பது. எழுதி வைத்த நாலு தாளோடு உட்காரும் ஆசிரியருக்குப் பெற்றோர் வந்து கேட்டாலும் பதில் இருக்கும். எக்ஸாமினர்கள் தேர்வு நாளில் மாணவரிடம் ஊர், அப்பா வேலை, எந்த ஸ்கூல் என்று விசாரிப்பதையும் நிறுத்திவிடலாம். அதில் பாதி அன்பாகவும் பாதி வேறு எதையோ தெரிந்துகொள்ளவும் கேட்கப்படுகிறது. மாணவருக்கு எது எந்தப் பாதி என்று தெரியாது.

தோற்றவருக்கு மறுவாய்ப்பு தரும்போது 'நன்றாகப் படித்துவிட்டு வா' என்பது போதாது. எந்த ஸ்டேஷனில், எந்தப் படியில் விழுந்தார் என்று தாளில் இருக்கும். அந்த வேலையை இரண்டு வாரம், ஒரு பி.ஜி. (முதுநிலை மாணவர்) பக்கத்தில் நிற்க, வார்டில் செய்யட்டும். மறுதேர்வை வேறு ஒரு ஆசிரியர், வேறு வார்டில், முந்தைய மார்க்கைப் பார்க்காமல் நடத்த வேண்டும். நெறி தொடர்பான தாள்களை மட்டும் அடுத்த துறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதில் ஆசிரியர்களிடையே இரண்டு கட்சி உண்டு. அனுப்பினால் முத்திரை குத்தியது போல ஆகும், அனுப்பாவிட்டால் பழக்கம் பிடிபடாது. தாள்கள் ஒரே இடத்தில், மருத்துவக் கல்விப் பிரிவில் இருக்கட்டும். மூன்றாவது தாள் வரும்போது அந்தப் பிரிவு சம்பந்தப்பட்ட துறையைக் கூப்பிடட்டும். அதுவரை அடுத்த துறைக்கு அந்த மாணவர் மற்றவர்களைப் போல ஒருவர்.